நூறு வரை சொல்லும் சிறுமி நான்கைக் கண்டுகொண்ட விதம்: ஓர் அங்கன்வாடி நிகழ்வு ஆய்வு

பின்னணி

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடி மையத்தில், ஜூன் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அங்கன்வாடி ஊழியர்களுக்கு முன்பருவக் கல்வி வேலையில் கூடமாட இருந்து உதவுவது என் பணி. குழந்தைகள், குடும்பத்தார், ஊழியர் யாருடைய பெயரையும் எழுதவில்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன்.

மையத்தில் ஓர் ஊழியர், ஓர் உதவியாளர். குழந்தைகளுக்கு முன்னவர் டீச்சர், பின்னவர் ஆயாம்மா. ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையல்கட்டு, வாசலில் வேப்பமரத்தடி மணல். இரண்டு வயதுக் குழந்தையும் ஐந்தை நெருங்கும் குழந்தையும் ஒரே பாயில்தான் உட்கார வேண்டும். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, போஷன் டிராக்கர் செயலியில் விவரம் ஏற்றுவது என டீச்சருக்கு வேலை வரிசை கட்டி நிற்கும். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியபோதே முன்பருவக் கல்வியும் அதன் சேவைகளில் ஒன்றாக இருந்தது. ஆனாலும் ஊர்க்காரர்கள் பலருக்கு அங்கன்வாடி என்றால் சோறும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். படிப்பு வேறு எங்கோ நடக்கிறது என்பது அவர்கள் எண்ணம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கான 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமே விளையாட்டு வழியில்தான் அமைந்திருக்கிறது. நாங்கள் செய்தது எதுவும் அதற்கு வெளியே போனதில்லை.

இந்தப் பதிவின் நடுவில் இருப்பவள் நான்கு வயது முடிந்து சில மாதங்களான ஒரு சிறுமி. அப்பா கொத்தனார், வெளியூர் வேலை, வாரக் கடைசியில் வருவார். அம்மா மல்லாட்டை (நிலக்கடலை) பறிக்கவும் களை எடுக்கவும் கூலிக்குப் போவார். பகலில் பாட்டி பொறுப்பு. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டுவார். அண்ணன் மூன்றாம் வகுப்பு. அவன் சொல்லிக்கொடுத்துச் சிறுமிக்கு ஒன்று முதல் நூறு வரை தடதடவென்று வரும். வாரக் கடைசியில் அப்பா வந்ததும் உறவுக்காரர்கள் முன்னால் நிறுத்திச் சொல்ல வைப்பார்கள். அந்த வீட்டுக்கு அது பெரிய சந்தோஷம்.

முதலில் கண்டது

"மேடம், இவ நூறு வரைக்கும் சொல்லுவா, கேளுங்க" என்றுதான் டீச்சர் எனக்கு அவளை அறிமுகப்படுத்தினார். கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னாள். இருபத்தொன்பது, முப்பத்தொன்பது வரும் இடங்களில் மட்டும் ஒரு நொடி தயங்கினாள். அடுத்த பத்தின் பெயர் நினைவுக்கு வந்ததும் மறுபடி ஓடினாள்.

அப்புறம் பாயில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் மூடிகளைக் கொட்டினோம். "கண்ணு, டீச்சருக்கு அஞ்சு மூடி குடு" என்றார் டீச்சர். இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தாள்.

"எத்தனை குடுத்த?"

"அஞ்சு."

"எண்ணிக் காட்டு."

ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணினாள். வாயில் ஓடிய எண்ணும் விரலும் சேர்ந்து போகவில்லை. 'ஏ' என்னும்போது ஒரு மூடியைத் தொட்டாள், 'ழு' என்னும்போது அடுத்ததைத் தொட்டாள். 'ஒன்பது' வந்தபோதும் அப்படியே இரண்டு மூடி போயிற்று. பத்தில் முடித்தாள். "அப்ப எத்தனை இருக்கு?" என்று கேட்டதும் பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். இந்த முறை எட்டில் முடிந்தது. "இது அஞ்சா?" என்றால், "ஆமா."

கேள்வியை மாற்றிப் பார்த்தோம். ஒன்று கேட்டால் ஒன்று தருகிறாள். இரண்டு, மூன்றும் சரி. நான்கு கேட்டதும் அள்ளல்தான். ஒரே நாள் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம் என்று டீச்சர் சொன்னது நல்ல யோசனை. அடுத்தடுத்த நாட்களில் மூடிக்குப் பதில் க்ரேயான், இலை, கிலுகிலுப்பை என்று வெவ்வேறு பொருளில் கேட்டார். எல்லை மூன்றிலேயே நின்றது.

அதே பாயில் இன்னொரு குழந்தை. அவளைவிடச் சில மாதம் இளையவன், அதிகம் பேசாதவன். எண்களைச் சொல்லச் சொன்னால் ஆறுக்கு மேல் போகாது, நடுவில் நான்கை விட்டுவிடுவான். டீச்சரின் பதிவேட்டில் 'எண்கள்: கவனம் தேவை' என்று இருந்தது. ஆனால் ஐந்து மூடி கேட்டால், இரண்டை எடுத்து வைத்து, இன்னும் இரண்டை வைத்து, மேலே ஒன்றைப் போட்டுத் தள்ளிவிட்டான். அவன் அம்மா காலையில் இட்லிக் கடை போடுகிறவர். இலையில் இட்லி எடுத்து வைக்கும்போது அவன் பக்கத்தில்தான் இருப்பான். நூறு வரை சொல்பவளுக்கு 'நன்று' என்றும் ஐந்தைச் சரியாக எடுத்துத் தருபவனுக்கு 'கவனம் தேவை' என்றும் பதிவாகியிருந்தது. நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் பார்க்கிறோம் என்பது அங்கே எங்கள் இருவருக்கும் உறைத்தது.

கண்டதை எப்படிப் புரிந்துகொண்டோம்

எண்ணுவது ஒரே திறன் போலத் தெரிந்தாலும் அதற்குள் பல திறன்கள் இருக்கின்றன. உளவியல் ஆய்வாளர்கள் ரோச்செல் கெல்மனும் சி. ஆர். காலிஸ்டலும் 1978இல் அவற்றை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள். எண்களை எப்போதும் ஒரே வரிசையில் சொல்வது ஒன்று. ஒரு பொருளுக்கு ஒரு எண் மட்டும் கொடுப்பது இன்னொன்று. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று அறிவது மூன்றாவது. எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம் என்பவை மீதி இரண்டு. சிறுமிக்கு முதலாவது கைவந்திருந்தது. இரண்டாவது பாதி. மூன்றாவது இல்லவே இல்லை.

'இத்தனை குடு' என்று கேட்டுப் பார்க்கும் முறையை கேரன் வின் 1990இல் வெளியிட்ட ஆய்வில் காணலாம். சிறு குழந்தைகள் ஒன்றின் பொருளை முதலில் பிடிக்கிறார்கள், பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு படிக்கும் மாதங்கள் பிடிக்கலாம். மூன்று, நான்கைத் தாண்டிய பிறகு ஏறுவது படிப்படியாக நடப்பதில்லை. எண்ணினால் மொத்தம் கிடைக்கும் என்ற விஷயம் பிடிபட்டதும், தனக்கு வரிசை தெரிந்த எண் அளவுக்குக் குழந்தையால் பொருளை எடுத்துத் தர முடிகிறது.

அதனால் சிறுமிக்கு அடுத்த பாடம் நூற்றியொன்று அல்ல, நான்கு.

"அப்ப நூறு சொல்றது வேஸ்ட்டா மேடம்?" என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. வேஸ்ட் இல்லை. அந்த வரிசை இல்லாமல் எண்ண முடியாது, அவளிடம் அது முன்கூட்டியே தயாராக இருந்தது. அந்த வரிசைக்கு அவள் கையில் இன்னும் வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எண் தவறினால் ஏதோ ஒன்று குறையும், சரியாக இருந்தால் ஏதோ ஒன்று கிடைக்கும் என்ற நிலைமை அவளுக்கு அதுவரை வந்ததில்லை. நூறு சொன்னால் கைதட்டல். அதில் எந்த எண்ணும் எதையும் குறிக்க வேண்டியதில்லை.

முதல் முடிவு: சாப்பாட்டுத் தட்டு

தனியாக 'கணக்கு நேரம்' வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஏற்கெனவே இருக்கும் வேலைகளுக்குள் எண் தேவைப்படும் இடத்தைத் தேடினோம். டீச்சருக்கு நேரம் இல்லை என்பது ஒரு காரணம். பயிற்சி என்று உட்கார வைத்தால் சிறுமி மறுபடி ஒப்பிக்கத்தான் தொடங்குவாள் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

மதியம் தட்டு வைப்பது பெரிய குழந்தைகளின் வேலை. சிறுமி ஒரு தட்டை எடுத்து ஒருவர் முன் வைப்பாள், திரும்பிப் போய் அடுத்ததை எடுப்பாள். எல்லாருக்கும் தட்டு வந்துவிடும், ஒரு எண்கூடத் தேவைப்படாது. ஆளுக்கு ஒன்று என்ற பொருத்தத்தை அவள் நன்றாகவே செய்தாள். தட்டு அடுக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வரை அதற்கு மேல் போக அவளுக்குக் காரணம் இல்லை.

அடுக்கை அறையின் மறு கோடிக்கு மாற்றினோம். "ஒரே நடையில எடுத்துட்டு வா, உன் வரிசைக்கு மட்டும்" என்று சொன்னோம். இப்போது எத்தனை என்று தெரியாமல் போக முடியாது. முதல் சில நாட்கள் கையில் வந்ததை எல்லாம் கொண்டுவந்தாள். மிஞ்சியதைத் திருப்பி வைத்தாள். ஒருநாள் குறைந்துபோய், கடைசியில் உட்கார்ந்திருந்த பையன் "எனக்கு?" என்றான். யாரும் 'தப்பு' என்று சொல்லவில்லை. அவன் முன்னால் தட்டு இல்லாததே போதுமானதாக இருந்தது.

இதற்கு ஆயாம்மா ஒரு நிபந்தனை போட்டார். "பசியில இருக்கிற புள்ளைங்கள காக்க வைக்கக் கூடாது டீச்சர். சோறு இறக்குறதுக்கு முன்னாடி முடிச்சுக்குங்க, ஒரு வரிசைக்கு மட்டும் வச்சுக்குங்க." சரியான பேச்சு. அப்படியே செய்தோம். வரிசையில் மூன்று பேர் இருக்கும் நாட்களில் சிறுமி நேராகப் போய் மூன்று தட்டுடன் வந்தாள். நான்கு, ஐந்து பேர் இருந்தால் தடுமாறினாள். அவளுடைய எல்லை எங்கே இருக்கிறது என்பதை மூடிகளைவிடத் தட்டுகள் தெளிவாகக் காட்டின.

இரண்டாவது முடிவு: பல்லாங்குழி

இது ஆயாம்மாவிடமிருந்து வந்தது. நாங்கள் மூடியும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இதுக்குப் பல்லாங்குழி ஆடலாமே, நாங்கல்லாம் அதுலதான எண்ணக் கத்துக்கிட்டோம்" என்றார். முழு ஆட்டம் நான்கு வயதுக்குக் கனம். பக்கத்துக்கு ஏழு வீதம் பதினான்கு குழி, கடைசிக் காய் விழுந்த இடத்துக்கு அடுத்த குழியிலிருந்து எடுத்துத் தொடர்ந்து ஆடுவது, வெற்றுக் குழி வந்தால் தடவி அடுத்ததை அள்ளுவது என்று விதிகள் நிறைய. ஆனால் அதில் ஒரு விதி எங்களுக்காகவே வைத்தது போல இருந்தது. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. குழிக்குச் சொந்தக்காரர் அதை எடுத்துக்கொள்ளலாம்.

சிறுமி நிற்கும் இடம் மூன்று, போக வேண்டிய இடம் நான்கு. ஆட்டத்தைச் சுருக்கினோம். வேப்பமரத்தடி மணலில் எதிரெதிராக மூன்று மூன்று குழி. ஒவ்வொன்றிலும் மூன்று மூடி. ஒரு குழியின் மூன்றையும் எடுத்து, அடுத்த மூன்று குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். போட்டதும் அந்த மூன்றுமே நான்காகிவிடும், அதாவது முதல் ஆட்டத்திலேயே பசு விழும். தன் பக்கத்துப் பசுவைக் கண்டு, வாய்விட்டு "பசு!" என்று சொன்னவர்தான் எடுக்கலாம். சொல்லாவிட்டால் அங்கேயே கிடக்கும். தொடர்ந்து ஆடுவது, தடவுவது எல்லாவற்றையும் விட்டுவிட்டோம்.

புளியங்கொட்டையோ சோழியோ வைக்காமல் மூடியே வைத்ததற்குக் காரணம், சின்னவர்கள் கொட்டையை மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்வார்கள். மூடியும் முழு ஆபத்தற்றது என்று சொல்ல முடியாது. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் டீச்சருடன் உள்ளே இருக்கும் நேரத்தில் மட்டும் ஆட்டம் நடக்கும். ஆயாம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஆடி முடித்ததும் மூடிகளை எண்ணி டப்பாவில் போட்டுவிடுவார்.

சிறுமியையும் அந்தப் பையனையும் ஜோடியாக உட்கார வைத்தோம். முதல் வாரம் முழுக்கப் பையன் கைதான் ஓங்கியது. குழியைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் பசு என்று சொன்னால்தான் எடுக்க முடியும் என்பதால், மையத்தில் வாய் திறக்காதவன் கத்த ஆரம்பித்தான். சிறுமி தன் முன்னால் இருந்த பசுவையே தவறவிட்டாள். அவள் குழியில் நான்கு கிடக்கும், அவள் அடுத்ததைப் போடுவதில் மும்முரமாக இருப்பாள். ஆயாம்மா மட்டும், "உன் வீட்டுல பசு வந்திருக்கா பாரு தாயீ" என்பார். அப்போது குனிந்து, ஒவ்வொன்றாக விரல் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... பசு!" என்பாள். விரலும் வாயும் சேர்ந்து நடந்ததை அங்கேதான் முதலில் பார்த்தோம். வேகமாகச் சொன்னால் ஐந்து வந்துவிடும், பசு போய்விடும். அதனால் தானாகவே நிதானமானாள்.

சில வாரங்களில் எண்ணுவது நின்றது. குழியைப் பார்த்ததும் பசு என்றாள். சிறு எண்ணிக்கைகளை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் அறிவது எண்ணுதலுக்கு இணையாக வளரும் தனித் திறன். இதை வளர்க்கத் தனியாக அட்டைகள் அச்சிடுகிறார்கள். மணலில் தோண்டிய குழிக்குச் செலவில்லை.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு விழுந்தது. பசுவை ஒரு நொடியில் கண்டுபிடிப்பவளிடம் டீச்சர், "நாலு மூடி குடு" என்றார். பழையபடி அள்ளிக் கொடுத்தாள்! எங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. அவளுக்குப் பசு என்பது குழிக்குள் தெரியும் ஓர் உருவம். நான்கு என்பது வரிசையில் மூன்றுக்கு அப்புறம் சொல்கிற சொல். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை, ஆட்டமும் அதைக் கேட்கவில்லை.

டீச்சர் பாடம் எடுக்கவில்லை. அடுத்த நாள் ஆட்டத்தில், அவள் பசுவை எடுத்ததும் கையை விரிக்கச் சொன்னார். "பசுவுல எத்தனை மூடி?" எண்ணினாள். "நாலு." அடுத்த பசுவிலும் கேட்டார். அதுவும் நாலு. பையனின் பசுவை எட்டிப் பார்த்து அவளே எண்ணினாள். அன்று முடியும் நேரத்தில், "டீச்சருக்கு ஒரு நாலு குடு" என்றார். சிறுமி மூன்றைச் சேர்த்து வைத்தாள். நிறுத்தினாள். இன்னொன்றை எடுத்து மேலே போட்டாள். "பசு" என்றாள்.

மூன்றாவது முடிவு: தரையில் கட்டம்

வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் மணல் சேறாகிவிட்டது. ஆயாம்மா வீட்டுப் பல்லாங்குழிப் பலகை உள்ளே வந்தது. கூடவே அறைத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒன்று முதல் பத்து வரை நேர்கோட்டில் பத்துக் கட்டம் வரைந்தோம். எல்லாம் ஒரே அளவு, இடமிருந்து வலம். காய்க்குப் பதில் குழந்தையே கட்டத்தில் நிற்கும்.

இந்த வடிவம் யோசித்து எடுத்தது. கீதா ராமனியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் வசதி குறைந்த குடும்பங்களின் குழந்தைகள் இப்படிப்பட்ட ஒன்று முதல் பத்து நேர்கோட்டு ஆட்டத்தைச் சில முறை ஆடியதிலேயே எண்களின் அளவை ஒப்பிடுவதில் முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட கட்டத்தில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. வட்டமாகக் கட்டம் வைத்துப் பார்த்த அவர்களின் 2009 ஆய்விலும் நேர்கோட்டில் கிடைத்த அளவு பலன் வட்டத்தில் கிடைக்கவில்லை. பெரிய எண்ணுக்குப் போக அதிக தூரம் நடக்க வேண்டும், அதிக நேரம் ஆகும், அதிக எண்களைச் சொல்ல வேண்டும். நேர்கோட்டில் அவை எல்லாம் ஒரே திசையில் கூடிக்கொண்டே போகின்றன.

உருட்டுவதற்கு மூன்று புளியங்கொட்டை. ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினால் ஊரில் தாயம் ஆடப் பயன்படுத்தும் காய் தயார். வெள்ளை எத்தனை தெரிகிறதோ அத்தனை கட்டம். கொட்டை டீச்சர் கையில் உள்ள கொட்டாங்குச்சியில்தான் இருக்கும், அவர்தான் குலுக்கிப் போடுவார். மூன்றே கொட்டை என்பதால் பார்த்ததும் தெரிந்துவிடும், உருட்டலை எண்ணுவதில் நேரம் போகாது. ஒரு வெள்ளையும் விழாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். குழந்தைகள் அதை 'காலி' என்றார்கள். சுழியத்தை நாங்கள் சொல்லிக்கொடுக்கத் திட்டமிடவில்லை. அது உருட்டலில் தானாக வந்து நின்றது.

நாங்கள் பிடிவாதமாக இருந்த விதி ஒன்று உண்டு. நான்கில் நிற்கும் குழந்தைக்கு இரண்டு விழுந்தால் "அஞ்சு, ஆறு" என்று சொல்லி நகர வேண்டும், "ஒண்ணு, ரெண்டு" என்று அல்ல. நிற்கும் கட்டத்தின் எண்ணிலிருந்து தொடர்வதுதான் கற்றலுக்கு உதவுகிறது என்று எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014இல் காட்டியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு இது பிடிக்கவில்லை. நூறு வரை சொல்லும் சிறுமிக்கே வரவில்லை.

"நீ எங்க நிக்கிற?"

"நாலுல."

"அடுத்த கட்டம் என்ன?"

அவள் உதட்டுக்குள் முணுமுணுத்தாள்: ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு. அப்புறம் சத்தமாக, "அஞ்சு!"

அவளுக்கு வரிசை தெரியும், ஆனால் ஒன்றிலிருந்து மட்டும். நடுவில் எங்கே கேட்டாலும் முதலிலிருந்து ஓடிவர வேண்டியிருந்தது. இடையில் ஏறித் தொடர்வது இன்னொரு திறன், பின்னால் கூட்டலுக்கு அதுதான் அடிப்படை. பொங்கல் நெருங்கும்போது முணுமுணுப்பு குறைந்து நின்றது. அண்ணன் கொடுத்த நூறு இந்த இடத்தில் நன்றாகக் கைகொடுத்தது. மற்றவர்கள் பத்தில் நிற்க, அவளுக்காக இருபது வரை கட்டத்தை நீட்டினோம்.

ஐந்து எப்போது பிடிபட்டது என்று எங்களால் நாள் குறிக்க முடியவில்லை. நான்கு உறுதியான பிறகு ஐந்து வந்தது, அதன் பின் ஆறையும் ஏழையும் யாரும் தனியாக ஆடிக் காட்டவில்லை. கேட்டால் எண்ணி எடுத்தாள், எண்ணிய கடைசி எண்ணில் நிறுத்தினாள். "எத்தனை?" என்றால் மறுபடி எண்ணாமல் பதில் சொன்னாள்.

வீட்டுப் பக்கம்

தீபாவளி முடிந்த ஒரு திங்கட்கிழமை, வேலைக்குக் கிளம்பும் முன் அப்பா மையத்துக்கு வந்தார். "பக்கத்து ஊர் நர்சரியில எல்.கே.ஜி. புள்ளைங்க நோட்டுல நூறு வரைக்கும் எழுதுதுங்க டீச்சர். இங்க மூடிய வச்சு விளையாடிக்கிட்டு இருக்குதுங்க. எம்பொண்ணு படிக்கிற புள்ள." கோபமாக அல்ல, கவலையாகத்தான் சொன்னார். நாள் முழுக்கச் செங்கல்லும் கலவையுமாக உழைத்து மகளைப் படிக்க வைக்க நினைக்கும் ஒருவரிடம் ஆய்வு முடிவுகளை எடுத்துச் சொல்வதில் பயனில்லை. டீச்சர் வாதம் செய்யவில்லை. "அண்ணே, வீட்டுல நீங்களே கேட்டுப் பாருங்க. எதையாவது எடுத்துட்டு வரச் சொல்லுங்க, எத்தனைன்னு சொல்லி" என்று மட்டும் சொன்னார்.

பாட்டியிடமும் அதையே சொன்னோம். பாட்டிக்கு இது எளிதாகப் பொருந்தியது. பூ கட்டும்போது இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று மொட்டுகளை வைத்து நாரைச் சுற்றி முடி போடுவார். இரண்டு இரண்டாக எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பேத்திக்குக் கொடுத்தார். கொஞ்ச நாளில் பேத்தி நான்கு மொட்டை உள்ளங்கையில் வைத்து, "பாட்டி, ஒரு பசு" என்று நீட்டினாளாம். பாட்டி இதை மையத்துக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் செய்த எந்த விளக்கத்தையும்விட இது அந்த வீட்டில் வேலை செய்தது. ரெண்டும் ரெண்டும் நாலு என்பது நோட்டுக்கு வரும் முன்பே அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து அப்பா மறுபடி வந்தார். மையத்திலேயே உட்கார்ந்து, "ஆறு மூடி குடும்மா" என்றார். கொடுத்தாள். "இன்னும் ரெண்டு குடுத்தா?" அவள் மேலும் இரண்டை வைத்து, "ஏழு, எட்டு" என்றாள். ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி டீச்சர்" என்று எழுந்தார்.

முடிவில் இருந்த நிலை

ஏப்ரலில் சிறுமி பத்து வரை கேட்டதைத் தவறாமல் எடுத்துத் தந்தாள். பத்துக்கு மேல், பொருட்கள் வரிசையாக இருந்தால் சரி, குவியலாக இருந்தால் எண்ணியதையே மறுபடி எண்ணிவிடுவாள். எண்ணியதை ஒதுக்கி வைக்கும் பழக்கம் இன்னும் முழுதாக வரவில்லை. இரண்டு எண்ணில் எது பெரியது என்றால் பத்துக்குள் தெளிவாகச் சொன்னாள். கட்டத்தில் எது தூரம் என்று யோசிக்கிறாள் என்பது அவள் கண் போகும் திசையிலிருந்து தெரிந்தது.

வராததும் உண்டு. ஐந்து மூடி கொண்ட இரண்டு வரிசையை அருகருகே வைத்து ஒன்றை மட்டும் அகலமாக நீட்டினால், நீண்டதில்தான் அதிகம் என்றாள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே காட்டிய பழைய சோதனை இது. இந்த வயதில் அப்படித்தான் சொல்வார்கள், அதைத் திருத்த நாங்கள் முயலவில்லை. எண்களை எழுதுவது மிகக் குறைவு. 3 சில நேரம் திரும்பி நின்றது. எண்ணின் பொருள் வந்த பிறகு எழுதலாம் என்று தள்ளி வைத்திருந்தோம், கைவிரல் தசைகளுக்கும் இன்னும் நேரம் வேண்டும்.

பையன் இருபது வரை சொல்லத் தொடங்கியிருந்தான். டீச்சர் பதிவேட்டில் அவன் வரியை மாற்றி எழுதினார். அவன் வளர்ச்சியில் கணக்கைவிடப் பேச்சுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பசு என்று கத்த ஆரம்பித்தவன், அப்புறம் ஆட்டத்தில் சண்டை போட்டான், நியாயம் கேட்டான், கதை நேரத்திலும் வாய் திறந்தான்.

ஜூன் மாதம் சிறுமியை நர்சரிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். விளையாட்டின் பலனை அப்பா பார்த்தார், ஒப்புக்கொண்டார், ஆனால் ஊரில் அவள் வயதுப் பிள்ளைகள் வேனில் போகும்போது தன் மகள் மட்டும் போகாமல் இருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அந்த முடிவுக்குள் கணக்கு மட்டும் இல்லை. டீச்சர் வருத்தப்பட்டார், பிறகு அவளை வாழ்த்தித்தான் அனுப்பினார்.

அடுத்த ஆண்டில் மாற்றுவது

குழந்தை சேர்ந்த முதல் மாதத்திலேயே 'சொல்லு' என்பதற்குப் பக்கத்தில் 'குடு' என்பதையும் கேட்டுப் பதிவு செய்வது என்று டீச்சர் முடிவு செய்திருக்கிறார். ஒன்று முதல் ஐந்து வரை, இரண்டு வெவ்வேறு பொருளில், இரண்டு வெவ்வேறு நாளில். ஒரு குழந்தைக்குச் சில நிமிடம்தான் ஆகும். அதிகம் பேசாத குழந்தைகள் தவறிப்போகாமல் இருக்க இது அவசியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பெற்றோருடன் பேச்சு தீபாவளி வரை காத்திருக்காது. ஜூலையிலேயே, அவர்கள் கண் முன்னால் குழந்தை எடுத்துத் தருவதைப் பார்க்க வைத்து, வீட்டு வேலை ஒன்றில் அதைப் பொருத்திக் கொடுக்க வேண்டும். பூ கட்டாத வீட்டில் மல்லாட்டை உரிப்பார்கள், சொம்பு அடுக்குவார்கள், மாட்டுக்கு வைக்கோல் கட்டு எடுத்துப் போடுவார்கள். டீச்சர் இப்போதே எந்த வீட்டில் என்ன வேலை என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்.

ஆட்டத்தில் குழந்தை கற்றதை ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் சொல்லோடு சேர்த்துவிடுவதைத் தொடக்கத்திலிருந்தே செய்யப் போகிறோம். பசு எடுத்தால் "எத்தனை?", தட்டு வைத்தால் "எத்தனை?", அவ்வளவு போதும். அதற்கு மேல் கேள்வி கேட்டால் விளையாட்டு பரீட்சையாகிவிடும்.

கடைசியாக ஒன்று. டீச்சர் கூட்டத்துக்கோ பதிவு வேலைக்கோ போகும் நாட்களிலும் ஆட்டம் நின்றுபோகாததற்குக் காரணம், அது ஆயாம்மாவுக்குத் தெரிந்த ஆட்டமாக இருந்ததுதான். வெளியிலிருந்து வாங்கிய உபகரணமாக இருந்தால் பெட்டிக்குள் பூட்டியே கிடந்திருக்கும். அதனால் அடுத்த பயிற்சிக் கூட்டத்துக்கு உதவியாளர்களையும் அழைக்கக் கேட்டிருக்கிறோம். ஒவ்வொருவரும் சிறுவயதில் ஆடிய ஆட்டம் ஒன்றைச் சொல்லட்டும், அதில் எந்த விதியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று திட்டம். ஐந்தாங்கல்லும் நொண்டியும் பட்டியலில் முதலில் இருக்கின்றன.